மழை இரவில் தூங்காத அக்கா

கேள்வி: இலங்கையின் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன் பெய்த மழையில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னாலிருந்த மேடு சரிந்து இரண்டு காம்பராக்களை (அறைகளை) மூடியது. அக்காவும் பிள்ளைகளும் தப்பினார்கள். அடுத்த காம்பராவில் இருந்தவர்கள் தப்பவில்லை. இப்போதும் மழை பெய்தால் அக்கா தூங்குவதில்லை. பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறார். காற்றுக்கருப்பு என்று மாமியார் கயிறு கட்டிவிட்டார். "கொழுந்து பறிக்கப் போகிறாளே, அவளுக்கு என்ன?" என்கிறார் அக்காவின் கணவர். இது நோயா, பிடிவாதமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்தை மட்டும் படித்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பிடிவாதமல்ல என்று துணிந்து சொல்வேன். உயிராபத்தைக் கண்ட ஒருவரின் மனம் அந்த ஆபத்து இன்னும் முடியவில்லை என்றே நடந்துகொள்வதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறோம். முதல் சில வாரங்களின் பதற்றம் யாருக்கும் இயல்பு. ஒரு மாதம் கடந்தும் அது தணியாமல் அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் அக்காவுக்கு எட்டு மாதமாகிவிட்டது.

ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இருந்தும் அது எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. ஏனெனில் பெண்ணின் துன்பத்துக்கு நம் வீடுகளில் முன்கூட்டியே வேறு பெயர்கள் உண்டு: வாய்க்காரி, சோம்பேறி, சாமி பிடித்தவள். ஆகவே பெயரை விட்டு, சரிவுக்குப் பின் எது மாறியது என்று பாருங்கள். தகரக் கூரையில் முதல் துளி விழுந்ததும் எழுந்து, அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பையில் கட்டிக்கொண்டு வாசலில் உட்காருகிறாரா? ஈர மண் வாசனைக்கே நெஞ்சு படபடக்கிறதா? சரிவான மலைக்கு வேலைக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுகிறாரா? இறந்தவர்களைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாரா, அல்லது "நான் கதவைத் தட்டியிருந்தால்" என்று தன்னையே குற்றஞ்சாட்டுகிறாரா? பிள்ளைகளிடம் காட்டும் எரிச்சலும் பெரும்பாலும் ஓயாத விழிப்பின் களைப்பே. சிலரோ கோபமே இல்லாமல், கல்யாண வீட்டிலும் மரத்துப் போனவர்போல இருப்பார்கள். தலைவலி, உடம்பு வலி என்று தோட்ட டிஸ்பென்சரிக்கு அடிக்கடி போகிறவர்களும் உண்டு. வேலைக்குப் போவதை நலத்தின் சான்றாகக் கொள்ளலாகாது. அன்றன்று வேலைக்கு வந்து பேர் போட்டால்தான் சம்பளம் என்ற இடத்தில் காய்ச்சலோடும் மலையேறுகிறவர்கள் நம் பெண்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களிடம் இந்நோயை உண்டாக்குவதில் வீட்டு வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் பெரும் பங்குண்டு. மண்சரிவு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டாமல், அக்காவுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் கொடுங்கள். ஆனால் நடந்ததை முழுக்கச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். அது காயத்தைக் கிளறிவிடக்கூடும். கயிற்றைப் பற்றி மாமியாரிடம் சண்டை தேவையில்லை, அது கையிலேயே இருக்கட்டும். மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

மாவட்ட, ஆதார மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவற்றாலும் படபடப்பும் களைப்பும் வரும். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையே இதற்கு முதன்மையானது. தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். வெறும் தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதியாமல் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

போகும்போது, தூங்காத இரவுகளையும் அன்று மழை பெய்ததா என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மொழிபெயர்க்க அக்காவின் கணவரையோ பிள்ளையையோ நிறுத்தாமல், தமிழ் பேசும் தாதி ஒருவரைக் கேளுங்கள். கணவர், பிள்ளைகள் முன்னிலையில் அக்கா சொல்லத் தயங்கும் விஷயங்கள் இருக்கலாம்.