கீரைப் பாத்தியில் பழுப்பு ஏடு

கேள்வி: மணலி புதுநகரை அடுத்த எடையஞ்சாவடியில் 20 சென்ட்டில் அரைக்கீரை, சிறுகீரை போடுகிறேன். போர் தண்ணீர்தான், பூவாளியால் இருவேளையும் தெளிக்கிறேன். இந்தத் தடவை பாத்தி மேல் பழுப்பு ஏடு படிந்து வழுக்குகிறது. மதியம் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது. முளைப்பு பாதிதான். கல்லூரியில் படிக்கும் மகள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து டயட்டம் என்கிறாள், படம் வைத்திருக்கிறேன். உரக்கடையில் பூஞ்சை என்று தாமிர மருந்து கொடுத்தார்கள். இது என்ன இனம்? மருந்து அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள் ஐயா. மகள் சொன்னதுதான் சரி. டயட்டம் என்பது இரு மூடி கொண்ட கண்ணாடி போன்ற கூட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி. படத்தில் வளைந்த முதுகு, லேசாகக் குழிந்த வயிறு, இரு முனையிலும் சின்ன மூக்கு. வயிற்று விளிம்பில் புள்ளி வரிசை, அதில் நட்டநடுவே மட்டும் ஒரு அகன்ற இடைவெளி. ஹான்ட்ஸ்சியா ஆம்ஃபியாக்சிஸ் என்ற இனம் போலத்தான் தெரிகிறது. ஈர மண்ணில் உலகமெங்கும் இருப்பது. 1843-ல் எரன்பெர்க் என்ற ஆய்வாளர் யூனோஷியா என்று பெயரிட்டதை 1880-ல் குருனோவ் என்பவர் ஹான்ட்ஸ்சியா பேரினத்துக்கு மாற்றினார். நிட்ஷியா என்ற இன்னொரு பேரினமும் பார்க்க இப்படியே இருக்கும். கூட்டின் இரு மூடிகளிலும் புள்ளி வரிசை ஒரே பக்கம் வந்தால் ஹான்ட்ஸ்சியா. எதிரெதிராக வந்தால் பெரும்பாலும் நிட்ஷியா. உயிரோடிருக்கும்போது உள்ளேயுள்ள பழுப்பு நிறமி இதையெல்லாம் மறைத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கிக் கூட்டைச் சுத்தம் செய்து, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில், கூட்டின் மேல் 10 மைக்ரோமீட்டருக்கு எத்தனை கோடு என்று எண்ணச் சொல்லுங்கள். வீட்டு அடுப்பில் வேண்டாம்.

மகளுக்கு இது போதும். உங்களுக்கு இந்தப் பெயரால் ஒரு கட்டுக் கீரைகூடக் கூடுதலாகக் கிடைக்காது. நீங்கள் கேட்காமல் விட்டது அந்த வெள்ளைப் பூப்பை. அது உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறியது ஊரறிந்த கதை. உங்கள் போரும் அதற்குத் தப்பியிருக்கும் என்று நான் நம்பவில்லை. திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 2.25 டெசிசைமன்ஸைத் தாண்டினால் அது கடும் உப்பு நீர்.

இந்த இருவேளைப் பூவாளியைப் பற்றி நான் எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. மேலாகத் தெளித்த தண்ணீர் விரலளவுகூட இறங்காமல் வெயிலில் போய்விடும். உப்பு மட்டும் மேலே தங்கும். நாள் முழுக்க ஈரமாக இருந்தால் டயட்டத்துக்குக் கொண்டாட்டம். அது பசை விட்டு மண்ணை ஒட்டவைக்க, கடுகைவிடச் சின்னதான கீரை விதை அந்த ஏட்டை முட்டிக்கொண்டு எப்படி வரும்? விதைத்து முளைக்கும் வரை மட்டும் தெளியுங்கள். முளைத்த பிறகு வடிகால் வெட்டி, வேருக்குக் கீழே இறங்கும் அளவு ஒரே தடவையாகப் பாய்ச்சுங்கள். மேல்மண் வெளுத்ததும் களைக்கொத்தால் கீறிவிட்டு, அடுத்த தண்ணீரை அதன் பிறகு விடுங்கள். உப்பு கீழே போகும், ஏடும் உடையும்.

சில வாரத்தில் பறித்துத் தின்னும் கீரைக்குத் தாமிரத்தைக் கொடுத்தவர், பூஞ்சையையும் பாசியையும் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டார். விற்காமல் கிடந்த டப்பா, அவ்வளவுதான். அடுத்து ஜிப்சம் மூட்டையைக் காட்டுவார். அது சோடியம் ஒட்டிக் களர் ஆன மண்ணுக்கு. வெறுமனே உப்புப் படிந்த மண்ணுக்கு அல்ல. 'டயட்டம் பொடி உரம்' என்றும் ஒன்று வரும். செத்த கூட்டின் தூள் அது. பூச்சிமேல் காய்ந்த நிலையில் படிந்தால் அதன் தோலைக் கீறி உலர்த்திக் கொல்லும். நனைந்தால் அதுவும் இல்லை.

பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்ததும் மண்ணின் கார அமில நிலையையும் சேர்த்து எழுதுங்கள். ஜிப்சம் வேண்டுமா என்பதை அப்போது பார்க்கலாம்.