சாம்பல் கலயமும் பழைய மர மூடியும்: கேள்வி பதில்

வளர்த்த நாய், பூனையின் சாம்பலை வைக்க மண் கலயமும், கழித்த மரத்தில் மூடியும் செய்வது பற்றி நம்ம பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

காவேரிப்பட்டணம்: எங்க லேப்ரடார் 28 கிலோ. எவ்வளவு பெரிய கலயம் வேணும்ணா?

உடல் எடையில் கிலோவுக்கு 36 மில்லி என்று கணக்குப் போடுங்கள். 28 கிலோவுக்கு ஒரு லிட்டர் வரும். சாம்பலைத் துணிப்பையில் கட்டி வைப்பதால் 1.2 லிட்டர் பிடிக்கிற மாதிரி செய்வது நல்லது. வெந்து வந்தபின் உள் விட்டம் 11 செ.மீ., உயரம் 13 செ.மீ. இருந்தால் போதும்.

ஆனால் பச்சை மண்ணில் இதே அளவுக்கு வனைந்தால் ஏமாந்துபோவீர்கள். மண் காய்ந்து வேகும்போது சுருங்கும். ஒரு மண் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, அதையும் சூளையில் வைத்து எடுங்கள். கோடு 9 செ.மீ. ஆகியிருந்தால் பச்சையில் விட்டம் 12.2, உயரம் 14.4 வேண்டும். ஒவ்வொரு ஏரி மண்ணும் ஒவ்வொரு விதம், அடுத்தவர் கணக்கை வாங்கி வனையாதீர்கள்.

பென்னாகரம்: தோட்டத்துலயே விறகு வெச்சு எரிச்சோம். சாம்பல் அரை மூட்டை இருக்குதே?

அதில் பெரும்பங்கு விறகுச் சாம்பல். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, வெளுத்த எலும்புத் துண்டுகளை மட்டும் பொறுக்குங்கள். வாளித் தண்ணீரில் போட்டால் விறகுச் சாம்பலும் கரியும் மேலே கலங்கி நிற்கும், எலும்பு அடியில் தங்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே பையில் கட்ட வேண்டும். சாம்பல் நீர் காரம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு: சூளையிலிருந்து நல்லாத்தான் வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு மேல பொட்டுப் பொட்டா தெறிச்சு விழுது. வேக்காடு பத்தலையா?

தெறித்த குழிக்குள் பாருங்கள், வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். அது மண்ணில் கலந்திருந்த சுக்கான்கல். சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி மண்ணைத் தள்ளுகிறது. அந்தக் கலயத்தை இனி காப்பாற்ற முடியாது. அடுத்த முறை மண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து 30 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 30 கண்) சல்லடையில் வடிகட்டுங்கள். சல்லடையில் தங்கியதில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுக்கான்தான்.

ஓசூர்: பழைய வீட்டு நிலைக்கட்டையில மூடி கடைஞ்சு இறுக்கமா பொருத்தினேன். மழைக்காலத்துல கலயத்தோட கழுத்து விரிசல் விட்டுடுச்சு. மண்ணு சரியில்லையா அண்ணா?

மண்ணைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, இது மரத்தின் வேலை. மரம் ரேகையின் நீளவாக்கில் அசையாது, குறுக்கே ஊதும். கழுத்துக்குள் இறங்கும்படி மூடியில் வட்டமாகக் கடைந்த அடைப்பு ஐப்பசி ஈரத்தில் முட்டை வடிவமாகிறது. சுட்ட மண் இம்மியும் விரியாது, அதனால் விரிசல் விட்டே தீரும். உடைந்த கழுத்தோடு மூடியை வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் ரேகைக்குக் குறுக்கே முட்டிய இடத்தில்தான் விரிசல் தொடங்கியிருக்கும்.

கழுத்து உள் விட்டம் 80 மி.மீ. என்றால் அடைப்பு 77 போதும். இறுக்கத்துக்குத் தேன்மெழுகு தோய்த்த பருத்தி நூலை அடைப்பைச் சுற்றிக் கட்டுங்கள். கலயம் வெந்து வந்து, அதை அளந்த பிறகே மரத்தில் உளி வைக்க வேண்டும். முன்கூட்டியே கடைந்து வைப்பது வீண்வேலை.

கட்டையைப் பொறுத்தவரை, பழைய தேக்கு நிலை, வண்டிச் சக்கரத்துக் கருவேலம் இரண்டும் நல்லவை. மாமரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் உளுக்கும். அறுக்குமுன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போடாமல் ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். கடைசியில் ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி எறியக்கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

ஊத்தங்கரை: கலயத்துல வெள்ளையா உப்புப் பூக்குது. பெவிகால் போட்டு மூடிடலாமா?

பெவிகால் சுட்ட மண்ணில் நிலைக்காது, உப்புப் பூப்பதும் நிற்காது. உப்பு ஈரத்தோடு வெளியே வருகிறது. சாம்பலை எடுத்துவிட்டு, கலயத்தைத் தண்ணீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், பிறகு ஒரு வாரம் உலர்த்துங்கள். தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சூடாக்கிய கலயத்தில் ஊற்றி, சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுங்கள். ஆறிப்போன கலயத்தில் ஊற்றினால் மெழுகு ஏடாக நின்று உரிந்துவிடும்.

தருமபுரி: ஒகேனக்கல்ல கலயத்தோட கரைக்கணும்னு அம்மா சொல்றாங்க. எந்தக் கலயம் எடுக்கலாம்?

சுடாத பச்சைக் கலயம். சுட்டது ஆற்றில் ஓடாகத்தான் கிடக்கும். அரை செ.மீ. கனத்துக்கு மெல்லிசாக வனைந்து, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, வர்ணமோ மெழுகோ பூசாமல் எடுத்துப்போங்கள். முழுக்கக் காய்ந்த மண்தான் சீக்கிரம் கரையும், அரை ஈரமாக இருந்தால் நேரமாகும். மர மூடி வேண்டாம், வாழையிலை கட்டுங்கள். பஸ்ஸில் போவதென்றால் கலயத்தைச் சுற்றி வைக்கோல் அடைத்துக் கூடையில் வையுங்கள். பச்சைக் கலயம் ஒரு இடிக்குக்கூடத் தாங்காது.