ஸ்கேனில் மறைந்த நுரையீரல் கட்டி: சி.டி. எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இடது நுரையீரலில் 'சி.பி.ஏ.எம்.' (நுரையீரலின் ஒரு பகுதி பிறவியிலேயே சரியாக உருவாகாத குறை) கட்டி என்றார்கள். எட்டாம் மாத ஸ்கேனில் அது தெரியவில்லை. பிறந்ததும் எடுத்த எக்ஸ்ரேயும் நார்மல். இப்போது 3 மாதம், நன்றாகப் பால் குடிக்கிறான். டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார். 'நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு?' என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: எடுத்துவிடுங்கள் அம்மா. எட்டாம் மாதத்தில் கட்டியும் அதைச் சுற்றியுள்ள நல்ல நுரையீரலும் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும். விலா எலும்புகளின் நிழல் வேறு விழும். அதனால் கட்டி இருந்தாலும் கண்ணுக்குப் படாது. எக்ஸ்ரேயும் சிறிய கட்டிகளைத் தவறவிடும். இப்படி 'மறைந்த' கட்டிகள் பல, சி.டி.யில் அதே இடத்தில் இருக்கின்றன.

கருவில் மூச்சுக்குழாய்க் கிளைகள் ஒழுங்காகப் பிரியாததால் வருவது இந்தக் கட்டி. நீங்கள் சாப்பிட்டதாலோ வேலை செய்ததாலோ வந்ததல்ல. அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

3 முதல் 6 மாதத்துக்குள், ரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஊசி வழியே ரத்தத்தில் செலுத்தி சி.டி. எடுப்பது வழக்கம். கட்டி நுரையீரலின் எந்த மடலில் (பகுதியில்) இருக்கிறது என்பதோடு, பெருந்தமனியிலிருந்து அதற்குத் தனி ரத்தக்குழாய் போகிறதா என்பதும் தெரியும். அறுவை சிகிச்சை செய்பவருக்கு இது மிக முக்கியம். படம் எடுக்கச் சில நொடிகள்தான். பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள். குழந்தைக்கான குறைந்த கதிர்வீச்சு அளவில்தானே எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி இருந்து, தொந்தரவு எதுவும் இல்லையென்றால்? கண்காணித்தால் போதும் என்பவர்களும் உண்டு. அதற்கு வருடக்கணக்கில் விடாமல் வர வேண்டும். என் பரிந்துரை, ஒரு வயதுக்குள் அகற்றிவிடுவது. ஒருமுறை சீழ் பிடித்துவிட்டால் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு அறுவை சிகிச்சை கடினமாகும். அரிதான ஒரு புற்றுக்கட்டியும் சி.டி.யில் இதேபோல் தோன்றும். சிறு வயதில் மீதி நுரையீரல் நன்றாக வளர்ந்து ஈடுகட்டும்.

அதுவரை, தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொண்டுபோங்கள். காற்று நிறைந்த கட்டியை, நெஞ்சில் காற்று கசிந்துவிட்டதாக நினைத்துக் குழாய் போட்டுவிடும் அபாயம் உண்டு. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் டாக்டர் சுதாரித்துக்கொள்வார்.