ஓர் அணியே ஊரை விட்டுப் போன பிறகும் அதன் பழைய வீரரை ரசிகர்கள் மறக்காமல் இருப்பது ஏன்?

எனக்குத் தெரிந்த ஒரே ஓர் உதாரணத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கனடாவின் மொன்றியல் நகரமும், அங்கே பேஸ்பால் ஆடிய கேரி கார்ட்டரும். நான் பேஸ்பால் நிபுணன் இல்லை. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். 1989இல் மொன்றியலுக்கு வந்து, ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டே இந்த விளையாட்டைக் காதால் கேட்டுப் பழகினேன்.

அந்தச் சமையலறையில், பாண் வைக்கும் தட்டுக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு ரேடியோ இருந்தது. சமையல்காரர் கியூபெக்காரர், அப்போது ஐம்பது வயது இருக்கும். ஏப்ரல் பிறந்தால் அதில் வேறு எதுவும் ஒலிக்கக் கூடாது. ஜாக் தூசே என்ற வர்ணனையாளரின் குரல் மட்டும்தான். மனிதர் 1972இலிருந்து கடைசி நாள் வரை மொன்றியலின் பேஸ்பால் அணியான எக்ஸ்போஸுக்குப் பிரெஞ்சில் வர்ணனை சொன்னவர். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத்தான் படித்தேன். வீட்டு வாடகைக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று தெரியுமுன்னரே ஹோம் ரன்னுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துவிட்டது. கூ த சிர்குய். பந்தை வேலிக்கு அப்பால் தூக்கி அடிப்பது, எங்கள் சிக்ஸர் மாதிரி. அப்புறம் ரெஸவேர், அதாவது கேட்சர். "கேரி" என்று சமையல்காரர் யாரையோ சொல்லிப் பெருமூச்சு விடுவதும் அப்போதே காதில் விழத் தொடங்கியது.

யார் அந்தக் கேரி என்று சொல்லுமுன் அணியைப் பற்றிக் கொஞ்சம். பேஸ்பாலின் உச்ச மட்டமான அமெரிக்க மேஜர் லீக்கில் அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் அணி எக்ஸ்போஸ். தொடங்கியது 1969இல். 1967இல் மொன்றியலில் நடந்த உலகக் கண்காட்சி எக்ஸ்போவின் பெயரைத்தான் வைத்தார்கள். முதலில் ஜாரி பார்க்கில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடினார்கள், 1977இலிருந்து ஒலிம்பிக் ஸ்டேடியத்தில். ஊர்ச் சனம் வைத்த செல்லப் பெயர் "நொஸாமூர்". எங்கள் செல்லங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டர் கலிஃபோர்னியாக்காரர். 1974இல் இருபது வயதில் இந்த அணிக்கு ஆட வந்தார். "கிட்", அதாவது பொடியன், என்று பட்டப்பெயர். பயிற்சி முகாமில் சின்னப் பையன் மாதிரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி நின்றதால் வந்த பெயர். கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர் மாதிரி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வேன். ஆனால் அது பாதிதான் சரி. அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று வீசுபவருக்கு விரலால் சைகை காட்டுவது கேட்சர். மைதானத்தில் மற்ற எல்லாரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, இவர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தியிருப்பார். அத்தனை பேரையும் அவர் ஒருவரால்தான் பார்க்க முடியும். வருடத்துக்கு நூற்றைம்பது ஆட்டம் இப்படிக் குந்தி எழும்பினால் முழங்கால் என்னவாகும்? கார்ட்டரின் முழங்கால்களும் அப்படித்தான் ஆகின.

எங்கள் சமையல்காரர் சொல்லும் முதல் கதை எப்போதும் 1981 அக்டோபர் 19தான். எக்ஸ்போஸ் தன் முப்பத்தாறு வருடத்தில் பிளேஆஃப், அதாவது பருவ முடிவில் நடக்கும் இறுதிச் சுற்றுகள், பார்த்தது அந்த ஒரே வருடம். சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடருக்குப் போக இன்னும் ஒரு வெற்றி போதும். எதிரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். ஒன்று ஒன்று என்று சமனாக இருந்த ஆட்டத்தில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ரிக் மண்டே என்பவர் பந்தைத் தூக்கி வெளியே அடித்தார். அன்று திங்கட்கிழமை வேறு. அடித்தவர் பெயரும் மண்டே. "புளூ மண்டே" என்று சொன்னால் இன்றைக்கும் இந்த ஊரில் வயதானவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் சமையல்காரர் கதையை அங்கே முடிக்க மாட்டார். அதற்குப் பிறகு எக்ஸ்போஸின் முறையில், இரண்டு பேர் அவுட்டாகி, மூன்றாவது ஆள் அவுட்டானால் ஆட்டம் முடியும் என்ற நிலையில், கேரி வந்து அவசரப்படாமல் நின்று, மோசமான பந்துகள் நான்கை விட்டு, அதற்குக் கிடைக்கும் சலுகையில் நடந்தே முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டம் எடுக்கச் சுற்ற வேண்டிய நான்கு மூலைகளில் முதலாவதுக்கு, போனார் என்பதைச் சொல்வார். அந்த நடையை ஒரு வெங்காயத்தைப் பலகையில் உருட்டிக் காட்டுவார். பின்னால் வந்தவரும் நடந்தார், அதற்கடுத்தவர் அவுட். தோல்விதான். ஆனால் வெங்காயம் முதல் பேஸில் நின்றதை நான் மறக்கவில்லை.

1984 டிசம்பரில் அவரை விற்றுவிட்டார்கள். நியூயார்க் மெட்ஸுக்கு, நான்கு வீரர்களுக்குப் பதிலாக. சம்பளம் பெரிது, அணி ஜெயிக்கவும் இல்லை, முதலாளிக்கு அலுத்துவிட்டது. இரண்டே வருடத்தில், 1986இல், மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. ஆறாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டாகி, எல்லாம் முடிந்தது என்றிருந்த நேரத்தில் அடித்து உயிர் கொடுத்தது கார்ட்டர். மொன்றியல் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. தங்கச்சி கலியாணத்தை வேறு ஊரில் நடத்தி வீடியோ அனுப்பினது மாதிரி இருந்தது என்று நினைக்கிறேன்.

சரி, 1992க்கு வருகிறேன். முப்பத்தெட்டு வயதில், முழங்கால் போய், மட்டையில் பழைய வேகமும் போன பிறகு, கடைசி வருடத்தை ஆட அவர் மொன்றியலுக்கே திரும்பி வந்தார். செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோ கப்ஸுடன் ஆட்டம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, எனக்கு முன்னால் தட்டு மலை மாதிரிக் கிடந்தது. ஏழாவது இன்னிங்ஸ். யாரும் ஓட்டம் எடுக்கவில்லை. சமையல்காரர் என் பக்கம் திரும்பி, கையைத் திருகிக் காட்டினார். பைப்பை மூடு என்று அர்த்தம். மூடினேன். அந்தச் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் நான் நின்றது அன்றைக்குத்தான். கார்ட்டர் அடித்தார். பந்து வலப்பக்கம் உயர்ந்து போய், அங்கே நின்றவரின் தலைக்கு மேலாகப் பறந்தது. அங்கே நின்றவர் ஆந்த்ரே டாசன். 1976இலிருந்து 1984 வரை இதே ஊரில் கார்ட்டரோடு ஆடியவர், இதே ஸ்டேடியத்தின் கல்லுப் போன்ற செயற்கைப் புல் தன் முழங்காலைத் தின்றதால் சிகாகோவுக்குப் போனவர். பழைய கூட்டாளியின் தலைக்கு மேலால் போன அந்த அடியில் ஓர் ஓட்டம் வந்தது. ஆட்டம் 1-0. அந்த ஒன்றுதான் ஓட்டம். கார்ட்டர் மொன்றியலில் மட்டை பிடித்த கடைசித் தடவையும் அதுதான்.

ரேடியோவில் கொஞ்ச நேரம் வர்ணனையே கேட்கவில்லை, சனத்தின் இரைச்சல் மட்டும். சமையல்காரர் ஏப்ரனைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றார். பிறகு என்னைப் பார்த்து, ஏன் இன்னும் தட்டுகள் அப்படியே கிடக்கின்றன என்று ஏசினார்.

இனி நீங்கள் கேட்ட "ஏன்" என்பதற்கு வருகிறேன். நல்ல ஆட்டக்காரர் என்பதால் என்று சொன்னால் அது பதிலாகாது. 324 ஹோம் ரன் அடித்தவர், வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் ஆல்ஸ்டார் அணிக்குப் பதினொரு தடவை தேர்வானவர், எல்லாம் உண்மை. அணி இருக்கும் ஊர்களிலும் அப்படிப்பட்ட ஆட்கள் உண்டு, அங்கே அவர்களை மெல்ல மெல்ல மறந்தும் விடுகிறார்கள். காரணம், அங்கே வருடத்துக்கு ஒரு புதுப் பெடியன் வருகிறான். பழையவர் ஒரு படி பின்னுக்குப் போகிறார். அடுத்த வருடம் இன்னொரு படி. மொன்றியலில், அணி இங்கே கடைசியாக ஆடிய 2004 செப்டம்பர் 29ஓடு, அந்த வரிசை நின்றுபோனது. அன்றைக்கு யார் முன்னால் நின்றாரோ அவர் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வர ஆளில்லை.

கார்ட்டர் ஒன்றும் குறையில்லாத மனிதர் இல்லை. கேமரா இருக்கும் பக்கம் பார்த்துச் சிரிப்பார் என்று சக வீரர்களே "கேமரா கார்ட்டர்" என்று நக்கல் பண்ணியிருக்கிறார்கள். 2003இல் அவர் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது நடந்தது இன்னும் கசப்பு. அங்கே வைக்கும் வெண்கலத் தகட்டில் எந்த அணியின் தொப்பியோடு உருவம் பொறிப்பது என்ற கேள்வி வந்தது. அவருக்கு மெட்ஸ் தொப்பிதான் ஆசை என்று செய்தி வந்தது. கடைசியில் எக்ஸ்போஸ் தொப்பிதான் என்று முடிவெடுத்தது ஹால் ஆஃப் ஃபேம். எக்ஸ்போஸ் தொப்பியோடு அங்கே போன முதல் ஆள் அவரானது இப்படித்தான். எங்கள் சமையல்காரர் இரண்டு மாதம் கேரியின் பெயரை எடுக்கவில்லை. விழாவில் அவர் பிரெஞ்சிலும் சில வார்த்தை பேசினார் என்று கேட்ட பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "உச்சரிப்பு இன்னும் மோசம்" என்றார். அதைச் சொன்ன விதத்திலேயே கோபம் போய்விட்டது தெரிந்தது. இந்த ஊரில் பிரெஞ்சு பேச முயற்சி செய்தவனுக்கு, தப்பாகப் பேசினாலும், ஒரு தனிக் கணக்கு உண்டு. அது எனக்கும் நடந்த அனுபவம்.

2004இன் கடைசி ஆட்டத்துக்கு நான் போனேன். சமையல்காரரைக் கூப்பிட்டேன், வரவில்லை. "செத்த வீட்டுக்கு யாராவது டிக்கெட் எடுத்துப் போவார்களா?" என்று கேட்டார். முப்பத்தோராயிரம் சொச்சம் பேர் வந்திருந்தோம். அந்த வருடத்தின் மற்ற நாட்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் பெரிது. சனம் வராததால்தான் அணி போனது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தபோது வேலைநிறுத்தம் வந்து பருவமே ரத்தானது, அதற்குப் பிறகு நல்ல வீரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். சரக்கெல்லாம் விற்றுத் தீர்த்த கடைக்கு யார் போவான்? அந்தக் கடைசி இரவில் யாரோ மைதானத்துக்குள் கோல்ஃப் பந்தை எறிந்து ஆட்டம் சிறிது நேரம் நின்றது. ஃப்ளோரிடாவிடம் 9-1 என்று தோற்றோம். அடுத்த வருடம் அணி வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆகிவிட்டது.

கார்ட்டரின் எட்டாம் நம்பரை இனி யாரும் போடக் கூடாது என்று எக்ஸ்போஸ் 1993இல் ஒதுக்கி வைத்திருந்தது. வாஷிங்டனில் அந்த நம்பரை மறுபடி ஆட்களுக்குக் கொடுத்தார்கள். எட்டு, பத்து, முப்பது என்று ஒதுக்கி வைத்த நம்பர்களுக்கு வீடில்லாமல் போனது. 2005 அக்டோபரில் மொன்றியலின் ஐஸ் ஹாக்கி அணியான கனடியன்ஸ் தன் அரங்கின் கூரையில் அவற்றுக்கு ஓர் இடம் கொடுத்துத் தொங்கவிட்டது. ஹாக்கிக் கொடிகளுக்கு நடுவே பேஸ்பால் நம்பர்கள். அகதியாக இந்த ஊருக்கு வந்த எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

2012 பிப்ரவரி 16இல் மூளைக் கட்டியால் கார்ட்டர் இறந்துபோனார். ஐம்பத்தேழு வயதுதான். சமையல்காரர் அப்போது ஓய்வில் இருந்தார். போன் எடுத்தால், எதிர்ப்பக்கம் ரேடியோ சத்தம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பைப்பை மூடினாயா?" என்று கேட்டார்.

2014 மார்ச்சில் ரொறன்ரோ புளூ ஜேஸும் மெட்ஸும் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் இரண்டு நட்பு ஆட்டம் ஆடின. முதல் நாள் கார்ட்டருக்கு அஞ்சலி. இந்தத் தடவை கிழவர் வந்தார். இரண்டு நாளிலும் சேர்த்துத் தொண்ணூற்றாறாயிரம் பேர், எந்தப் புள்ளியும் இல்லாத பயிற்சி ஆட்டத்துக்கு. சிவப்பு, வெள்ளை, நீலத் தொப்பிகள் எங்கும். அந்தத் தொப்பியில் உள்ள எழுத்து என்ன என்று என் மகள் கேட்டாள். M என்ற எழுத்துக்குள் e, b என்ற எழுத்துகளும் ஒளிந்திருக்கும் என்று காட்டினேன். அவள் பிறந்தது 2001இல், அணியைப் பார்த்த ஞாபகமே இல்லை, ஆனாலும் தொப்பி வேண்டும் என்றாள். நாற்பது டாலர். எதிரணியாக வந்திருந்தது மெட்ஸ் என்பதைக் கிழவர் கடைசி வரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டாம் நம்பர் பெரிய திரையில் வந்தபோது கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

அதற்கு முந்திய வருடம், 2013இல், வைத்த தெருப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சனம் நிறையப் பேர் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில்தான் ஜாரி பார்க். பழைய பேஸ்பால் மைதானம் இப்போது டென்னிஸ் அரங்கம். வலப்பக்க வேலிக்கு அப்பால் இருந்த நீச்சல்குளம் இன்னும் இருக்கிறது. பார்க்கை ஒட்டிய ஒரு சின்னத் தெருத் துண்டுக்கு ரூ கேரி-கார்ட்டர் என்று பெயர். த காஸ்தெல்நோ மெத்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம். சாப்பாடு டெலிவரி செய்யும் எங்கள் பெடியள் அந்தப் பெயரைப் பிரெஞ்சுக்காரர் மாதிரியே "காரி கார்த்தேர்" என்று சொல்கிறார்கள். அது யார் தெரியுமா என்று ஒருத்தனைக் கேட்டேன். தெரியாது என்றான். நான் 1981 அக்டோபரிலிருந்து தொடங்கினேன். "அண்ணை, சாப்பாடு ஆறுது" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.