வாக்குச்சாவடி ஊழியருக்கு எவ்வளவு சைகை மொழி தெரிந்தால் போதும்?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் ஆசிரியை. போன தேர்தலில் எங்கள் பள்ளியில் இருந்த வாக்குச்சாவடியில் வேலை பார்த்தேன். காது கேளாத ஓர் அம்மா தனியாக வந்திருந்தார். கூப்பிட்டது தெரியாமல் வரிசையிலேயே நின்றார். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன், அதுவும் அவருக்குச் சரியாகப் புரியவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குள் சைகை மொழி கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் பயிற்சி போதுமா?

பதில்: இரண்டு நாளில் யாரும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. ஆனால் வாக்குச்சாவடியில் நடக்கும் பேச்சு மிகக் குறைவு, ஒவ்வொருவரிடமும் அதே பேச்சுதான். அதை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ள இரண்டு நாள் தாராளம்.

தொடங்கும் முன் ஒன்று. நம் வீடுகளில் பலர் இந்தியாவிலிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துச் சைகை பழகுகிறார்கள். இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கைகளாலும் காட்டுவார்கள். தென்னாப்பிரிக்கச் சைகை மொழியில் ஒரே கைதான். இரண்டும் வேறு வேறு மொழிகள். 2023 ஜூலையில் இந்த நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியானது தென்னாப்பிரிக்கச் சைகை மொழி. அதைத்தான் நீங்கள் கற்க வேண்டும். இன்னொன்று, நிறவெறிக் காலத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிகளும் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அதனால் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு சைகைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. வயதான ஒருவர் நீங்கள் கற்றதிலிருந்து மாறிச் சைகை செய்தால் அது தவறு இல்லை. அவருடைய சைகையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுதிக் காட்டியது ஏன் பலிக்கவில்லை என்றால், பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. ஆங்கிலம் பள்ளியில் படித்த இரண்டாம் மொழி. சிலருக்கு எழுத்து சரளமாக வரும், சிலருக்கு வராது.

சரி, எதைப் பழகுவது? அகராதியைத் திறந்து சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்காளர் வாசலில் நுழைவதிலிருந்து வெளியே போவது வரை நடந்து பாருங்கள். வணக்கம், அடையாள அட்டை, பெயர்ப் பட்டியலில் தேடுகிறோம், கொஞ்சம் பொறுங்கள், இடது கட்டைவிரலில் மை, உதவி வேண்டுமா, நன்றி. அநேகமாக இவ்வளவுதான். இதில் கையைவிட முகம் முக்கியம். புருவத்தை உயர்த்தினால்தான் "உதவி வேண்டுமா?" என்பது கேள்வியாகும். முகம் அசையாமல் கையை மட்டும் ஆட்டினால் "உதவி வேண்டும்" என்று நீங்களே முடிவு செய்தது போல ஆகிவிடும். வரிசையில் கவனத்தை இழுக்க, அவர் கண்ணுக்குத் தெரியும்படி கையை அசையுங்கள், இல்லையென்றால் தோளில் மெல்லத் தட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழ நிற்காதீர்கள், முகம் இருட்டாகத் தெரியும். கத்திப் பேசுவதால் பயன் இல்லை.

பலர் தவறுவது வாக்குச்சீட்டில்தான். டர்பனை உள்ளடக்கிய ஈத்தெக்வினி போன்ற பெருநகராட்சியில் இரண்டு சீட்டு: ஒன்று வட்டார வேட்பாளருக்கு, மற்றது கட்சிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குறி. இதை விளக்கும்போது உண்மையான சீட்டின் மேல் விரலை வைக்கவே கூடாது. சைகை மொழிக்காரருக்குச் சுட்டுவதும் பேச்சு. உங்கள் விரல் எந்தக் கட்சியின் பெயருக்கு அருகே நிற்கிறதோ, அதற்குப் போடச் சொல்வதாகத் தோன்றிவிடும். கட்டம் மட்டும் வரைந்த வெற்றுத் தாள் இரண்டை மேசையில் வைத்திருங்கள். தவறுதலாகக் குறித்துவிட்டால், பெட்டியில் போடும் முன் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே காட்டுங்கள். காது கேட்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், இவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அதற்கப்புறம் விலகி நில்லுங்கள். காது கேளாதவருக்குப் படிப்பதிலோ குறியிடுவதிலோ சிரமம் இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. கூட வந்த மகளோ அண்ணனோ "நான் போட்டுவிடுகிறேன்" என்று முந்தினால் விடாதீர்கள். வாக்காளரின் முகத்தைப் பார்த்து அவரிடமே கேளுங்கள். உடல் குறைபாட்டால் உதவி தேவைப்பட்டு, அவரே ஒருவரைக் கேட்டால் தேர்தல் சட்டம் அனுமதிக்கிறது. உதவுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், கட்சி முகவராகவோ வேட்பாளராகவோ இருக்கக் கூடாது. அப்போதும் ரகசியம் காக்கப்பட வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. காது கேட்காது என்பதற்காக ஒருவர் தன் வாக்கை ஊரறியப் போட வேண்டி வந்தால், அவருக்கு நாம் வாக்குரிமையில் பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம்.

பயிற்சி தருபவர் காது கேளாதவராகவே இருக்கட்டும். டெஃப்சா என்னும் தென்னாப்பிரிக்கக் காது கேளாதோர் கூட்டமைப்பிடம் விசாரியுங்கள். டர்பனின் நியூலண்ட்ஸில் வி.என். நாயக் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது, அங்கு படித்துவிட்டுப் போனவர்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கக்கூடும். பயிற்சியின் கடைசி மணி நேரத்தில் மேசைகளை வாக்குச்சாவடி போலவே போட்டு, அவர்களில் இரண்டு பேரை வாக்காளராக வரச் சொல்லுங்கள். ஊழியர் யாரும் வாய் திறக்கக் கூடாது. எந்த மேசையில் அவர்கள் தயங்கி நிற்கிறார்களோ, அந்த மேசை ஊழியரை இன்னொரு முறை பழகச் சொல்லுங்கள்.