மெய்யியல் ஆய்வேடு: எழுதுகிறவர்களும் எழுதி முடித்தவர்களும் கேட்டவை

கண்ணகி மதுரையை எரித்தது நியாயமா என்ற கேள்வியை வைத்துச் சிறப்புக் கற்கைக்கு ஆய்வேடு எழுதியவள் நான். இப்போது உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பிக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

களுவாஞ்சிகுடி மாணவி: அக்கா, 'சிலப்பதிகாரத்தில் நீதி' என்று தலைப்புக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் "பெருசு" என்று திருப்பிவிட்டார். எவ்வளவுதான் சுருக்குவது?

அவர் சொன்னது சரி தங்கச்சி. அந்தத் தலைப்புக்குள் கோவலன் கொலையும் வரும், ஊழ்வினையும் வரும், அரசியல் பிழைத்தோரும் வருவார்கள். கடைசியில் கதைச் சுருக்கந்தான் மிஞ்சும். வாசிக்கும்போது இடறுகிற ஓரிடத்தைப் பிடியுங்க.

எனக்கு அது வஞ்சின மாலையில் கிடைத்தது. பிழை செய்தவன் பாண்டியன். தானே கள்வன் என்று ஒத்துக்கொண்டு உயிரையும் விட்டுவிட்டான். பிறகு ஊர் ஏன் எரிய வேணும்? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்று கண்ணகி நெருப்புக்குச் சொல்கிறாள். குற்றமில்லாதவர் எரியக்கூடாது என்பது அவளுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் பட்டியலைப் பாருங்க. விடப்படுபவர் பெரும்பாலும் வயதாலும் நிலையாலும் விடப்படுகிறார். அவர் என்ன செய்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. கோவலனைக் கண்ணாலும் காணாத நடுவயதுக் கடைக்காரன் ஒருவன் மதுரையில் இருந்திருப்பான்தானே, அவன் எந்தப் பக்கம்?

அந்தக் கடைக்காரனுக்குப் பதில் சொல்வதற்கே என் ஆய்வேடு முழுக்கச் செலவாயிற்று. ஜேர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் ஜேர்மன் மக்களின் குற்றப் பொறுப்பை ஆராய்ந்தபோது சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், மனிதரென்ற முறையிலேயே வரும் பௌதிகவதீதக் குற்றம் என்று நான்காகப் பிரித்தார். கடைக்காரனுக்கு அரசியல் பொறுப்பு இருக்கலாம். அதற்காக இழப்பீட்டில் அவனும் பங்கு கொடுக்க வேண்டி வரலாம். தண்டனை என்பது சட்டக் குற்றத்துக்குரியது. ஆகவே அவனை எரித்தது அநீதி. இதுதான் என் முடிபு, இவ்வளவுதான்.

திருக்கோவில் மாணவன்: கண்ணகி அம்மன் சடங்கு பற்றி, கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார்மாரைப் பேட்டி கண்டேன். "இது சமூகவியல், மெய்யியல் இல்லை" என்கிறார்கள் அக்கா.

பேட்டியை அப்படியே எழுதினால் அவர்கள் சொல்வது சரிதான் தம்பி. நானும் பேட்டி கண்டேன். தம்பிலுவில் ஆனாலும் செட்டிபாளையம் ஆனாலும் வைகாசிச் சடங்கு, அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தியோடுதானே முடிகிறது. ஒரு கட்டாடியாரிடம், ஊரை எரித்தது சரியா என்று கேட்டேன். "சரியோ பிழையோ எண்டத நீங்க எழுதுங்க மகள். அம்மாள் குளிர்ந்தாவா எண்டதுதான் எங்களுக்கு" என்றார். அதைப் பின்னிணைப்பில் போட்டிருந்தால் வெறும் தகவல். நான் அதை ஒரு வாதமாக எடுத்தேன்: நியாயமான கோபமும் எங்கேயோ அடங்க வேணும், அடக்குவது யார் பொறுப்பு?

ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட் 1797இல் எழுதினார்: ஒரு தீவுச் சமூகம் கலைந்து போக முடிவெடுத்தாலும், சிறையிலிருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டுத்தான் கலைய வேணும் என்று. அவருடைய தீவில் குளிர்த்திக்கு இடமே இல்லை. கட்டாடியாருக்கோ குளிர்த்தி இல்லாமல் சடங்கே முடியாது. அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்தி வாதாட விடுங்க. பிறகு யாரும் சமூகவியல் என்று சொல்ல மாட்டார்கள்.

சம்மாந்துறை மாணவி: மிஸ், காரண காரியம் பற்றி இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியும் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் ஹியூமும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள் என்று எழுதி முடித்துவிட்டேன். வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) மாட்டுவேனா?

"ஒரே மாதிரி"யோடு நின்றால் மாட்டுவீங்க. ஒப்பியல் ஆய்வு என்று இங்கே எழுதப்படுவதில் பல, இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த வேலைதான். பஞ்சில் நெருப்புப் பட்டால் எரிந்தே ஆக வேணும் என்ற கட்டாயம் இல்லை என்கிறார் கஸ்ஸாலி. ஹியூமும் அந்தக் கட்டாயத்தைக் கண்டதில்லை என்கிறார். ஆனால் கஸ்ஸாலிக்கு எரிய வைப்பவன் இறைவன். ஹியூமுக்கு, கட்டாயம் என்று நாம் நினைப்பது மனம் பழகிய பழக்கம். இனி, கஸ்ஸாலிக்குப் பின் வந்த இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு றுஷ்தைக் கூப்பிடுங்க. பொருளுக்கென்று ஓர் இயல்பு இல்லையென்றால் அறிவே இல்லாமல் போய்விடும் என்று கஸ்ஸாலியை அவர் மறுத்தார். அந்த அடி ஹியூம் மீதும் விழுமா? இதை எழுதி இரண்டு பக்கம் சேர்த்தால் போதும்.

ஏறாவூர் மாணவன்: ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வது பாமினி எழுத்துருவிலா, யூனிகோடிலா?

யூனிகோட். பாமினி எழுத்துரு இல்லாத அச்சுக் கடையில் கோப்பைத் திறந்தால் ஆய்வேடு முழுக்க ஆங்கில எழுத்தாக நிற்கும். எதில் அடித்தாலும் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்க.

ஆரையம்பதி மாணவி: அக்கா, பைன்ட் பண்ணிக் கொடுத்துவிட்டேன். இப்போது என் முடிபிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. இது எல்லாருக்கும் வருமா?

எந்த வரியில் நம்பிக்கை போனது என்று காட்ட முடியுமா? முடியாவிட்டால் அது அலுப்பு, நாலு நாள் நித்திரை கொள்ளுங்க. முடியுமென்றால் நல்ல சகுனம். எனக்கும் கடைக்காரன் திரும்பி வந்தான்: அவன் வரி கட்டினான், அந்த வரியில்தான் அரண்மனைக் காவல் நடந்தது, அப்போ கொலையில் அவனுக்குப் பங்கே இல்லையா? என் மூன்றாம் அத்தியாயம் இதற்குத் தாக்குப்பிடிக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன். அருள்நந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், உலகாயதன் (கண்ணால் காண்பதே மெய் என்பவன்) தொடக்கம் எதிராளிகள் ஒவ்வொருவருக்கும், பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும் பரபக்கத்தில் இடங்கொடுத்த பிறகுதான், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறார். நம்மவர்கள் பரபக்கத்தைத் தாண்டிப் போய் சுபக்கத்தை மட்டும் படிக்கிறார்கள், அது வேறு கதை. உங்களுக்கு வந்த மறுப்பை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்க. முதுமாணிக்கு முன்மொழிவு கேட்கும்போது அதுவே கையில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேணும். இங்கே கூட்டுப் பொறுப்பு என்று வாய் திறந்தால் ஆட்கள் மதுரையைப் பற்றிக் கேட்பதில்லை, யுத்த காலத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் அதை எழுதவில்லை. ஆனால் அரசனை விட்டுக் கடைக்காரனைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

கல்முனையிலிருந்து ஒரு தகப்பன்: மகள் மெய்யியலில் சிறப்புப் பட்டம் எடுத்துவிட்டா. இனி என்ன வேலை மிஸ்?

நேரே கூப்பிட்டுத் தரும் வேலை இல்லை ஐயா. உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' ஒரு பாடம், அதைப் படிப்பிக்கலாம். ஆசிரியர் சேவை, நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைகளுக்கு வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஆய்வேட்டை ஒருதரம் உங்களுக்கு விளங்கப்படுத்தச் சொல்லி, நல்லாக் குறுக்குக் கேள்வி கேளுங்க. நேர்முகப் பரீட்சையில் கேட்பவர்களும் மெய்யியல் படித்தவர்களாக இருக்கமாட்டார்கள்.