பழைய போர்ஷேவும் வேலூர் வெயிலும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சென்னையில் 2006 மாடல் போர்ஷே 911 கரேரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1,18,000 கி.மீ. ஓடிய வண்டி. இவ்வளவு ஓடியதை நம்பி வாங்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷெட்டில் மூடியே கிடந்து 20,000 கி.மீ. ஓடிய வண்டியில் சீல், ஹோஸ், புஷ் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். வருஷா வருஷம் ஆயில் மாற்றி ஓட்டிய வண்டி அதைவிட மேல்.

மீட்டர் நிஜம் சொல்கிறதா என்பதை முதலில் பாருங்கள். போர்ஷேவுக்கான ஸ்கேனரை மாட்டினால் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். கிலோமீட்டரை அந்த எண்ணால் வகுங்கள். 3,400 மணி என்றால் சராசரி வேகம் 35 கி.மீ. வரும், ஊரும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்துக்கு அது பொருந்துகிற கணக்கு. 10, 12 என்று வந்தால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கலாம். மேனுவல் கியர் வண்டியானால் ஓவர்-ரெவ் பதிவையும், அதாவது இன்ஜின் வரம்பு மீறிச் சுற்றிய கணக்கையும், எடுத்துக்கொள்ளுங்கள். மீறிய அளவைப் பொறுத்து அதில் ஆறு படிகள் உண்டு. 4, 5, 6-ஆம் படிகளில் சமீபத்திய இன்ஜின் மணிக்கணக்கில் பதிவு இருந்தால், தவறான கியரில் போட்டு இன்ஜினை உலுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த இன்ஜினின் பெரிய வியாதி சிலிண்டர் சுவரில் விழும் கீறல். பிஸ்டன் பக்கவாட்டில் உள்ள பூச்சு தேய்ந்ததும், சிலிக்கான் கலந்த அலுமினியச் சுவரோடு நேராக உரச ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் 4, 5, 6-ஆம் சிலிண்டர்கள் உள்ள பக்கம்தான் அடிவாங்கும். சூடான பிறகு ஐட்லிங்கில் ‘டிக் டிக்’ சத்தம், ஆயில் குறைவது, ஒரு பக்கப் புகைக்குழாய் மட்டும் கருப்பது ஆகியவை அடையாளம். பிளக் துளை வழியாக கேமரா விட்டுப் பார்த்து ‘கிளீன்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆயில் சம்ப் தட்டைக் கழற்றிக் கீழிருந்தும் கேமரா விடச் சொல்லுங்கள். கீறல் சுவரின் அடிப்பகுதியில் இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது தப்பிவிடும். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வண்டியைத் தேடுங்கள்.

இன்டர்மீடியட் ஷாஃப்ட் (கிராங்கின் சுழற்சியை டைமிங் செயின்களுக்குக் கடத்தும் தண்டு) பேரிங் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். 2006 மாடலில் இருப்பது பெரிய பேரிங், பழையதைவிட உறுதியானது. ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பழைய ஃபில்டரின் காகிதத்தை வெட்டி விரித்து, மடிப்பு மடிப்பாகப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்ட வேண்டாம். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்குகள் டைமிங் செயின் வழிகாட்டிப் பட்டை தேய்வதால் வருபவை. ஆயில் போர்ஷே ஏ40 அங்கீகாரம் பெற்ற 0டபிள்யூ-40. ஃபில்டரோடு மாற்றினால் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். டிரெயின் போல்ட்டை முறுக்கும் அளவு 50 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது போர்ஷே பாக்ஸ்டர் 987. நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் சரியாக நிற்கிறது. காட்பாடி மேம்பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டினால் ஏறிவிடுகிறது, ஏசியும் குளிர்வதில்லை.
– வாசகர், காட்பாடி

பதில்: ஓடும்போது சரி, நின்றால் சூடு என்றால் காற்றோட்டத்தில்தான் கோளாறு. இந்த வண்டியில் இன்ஜின் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலைகளில். ஒவ்வொன்றின் முன்னாலும் ஏசி கண்டென்சர். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் வேப்பம்பூ, புளிய இலை, பாலித்தீன் எல்லாம் மெத்தைபோலப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பம்பரைக் கழற்றி, கண்டென்சரை ரேடியேட்டரிலிருந்து விலக்கி, முதலில் வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு பின்பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் அடிக்கலாம். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன் வைத்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றும் அடைபடும்.

பம்பர் கழன்றிருக்கும்போதே ஃபேனை மெதுவான வேகத்தில் ஓட்டும் ரெசிஸ்டரையும் சோதித்துவிடுங்கள். ஏசி போட்டதும் இரண்டு ஃபேனும் மெதுவான வேகத்தில் சுற்ற வேண்டும். சுற்றாமல், சூடு ஏறிய பிறகு மட்டும் படபடவென்று ஓடினால் ரெசிஸ்டர் போய்விட்டது. இந்த ஊரில் ஏசி குளிராததற்கு கேஸ் குறைந்ததுதான் காரணம் என்று நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். முதலில் ஃபேனைப் பாருங்கள்.

அது முடிந்தும் சூடு ஏறினால் வாட்டர் பம்ப். இறக்கை பிளாஸ்டிக், உடைந்தால் துண்டுகள் பிளாக்குக்குள் போய் நீர்வழியை அடைக்கும். கசியும் வரை காத்திருக்காமல் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. கூலன்ட் பின் டிக்கி பக்கம் உள்ள பிளாஸ்டிக் டேங்கில் இருக்கும். டிக்கி கார்பெட் ஈரமாக இருந்தால் டேங்கில் வெடிப்பு. மூடியின் பார்ட் நம்பரையும் பாருங்கள்: 996 106 447 என்று தொடங்கி 04 என்று முடிய வேண்டும். 01-இல் முடிந்தால் பழைய வகை, மாற்றுங்கள்.

கூலன்ட்டோடு போர் தண்ணீர் கலக்கவே கூடாது. உப்பு படிந்து குழாய் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலன்ட் பாதி. முன்னும் பின்னுமாக நீளக் குழாய்கள் ஓடுவதால் சாதாரணமாக ஊற்றினால் காற்றுக் குமிழி நின்றுவிடும். வேக்குவம் கருவி வைத்து நிரப்பத் தெரிந்த ஒர்க் ஷாப்பில் கொடுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. இன்ஜின் போய்விட்டதா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: படுக்கைவாட்டு இன்ஜின் என்பதால் நிற்கும்போது ஆயில் கொஞ்சம் சிலிண்டருக்குள் இறங்கும். அரை நிமிஷத்தில் அடங்கினால் பிரச்சினை இல்லை. அடங்காமல் தெருவே தெரியாத அளவுக்கு வந்தால் ஏர்-ஆயில் செப்பரேட்டரின் (இன்ஜின் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) உள் ஜவ்வு கிழிந்திருக்கும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். காற்று இழுத்துப் பிடித்து மூடி வர மறுத்தால் அதுதான். மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். ஆயில் மொத்தமாக சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராடு வளையும்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. மாற்றச் சொல்கிறார்களே?
– வாசகர், குடியாத்தம்

பதில்: டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2316 என்றால் 2016-இன் 23-ஆம் வாரம். இந்த வெயிலில் ஆறு வருஷம் தாண்டிய டயரை இந்த வேகத்து வண்டியில் நம்ப முடியாது. டயர் மாற்றியதும் வீல் போல்ட்டை 130 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் நல்ல தோல் கிடைக்கிறது. சீட்டைப் புதிதாகத் தைக்கலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: தைக்கலாம், ஆனால் ஷூவுக்கான தோலை வாங்காதீர்கள், வாகன சீட்டுக்கென்று பதப்படுத்தியதைக் கேளுங்கள். இதைவிட முக்கியம், சீட் முதுகின் வெளிப்பக்கத்தில் ஏர்பேக் இருக்கிறது. அந்த இடத்துத் தையல் மோதலில் பிரிய வேண்டும். கெட்டி நூல் போட்டுத் தைத்தால் பை வெளியே வராது. அந்த ஓரத்துத் தையலை மட்டும் ஏர்பேக் சீட் தைத்துப் பழகியவரிடம் கொடுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் சில நிமிஷம் பொறுங்கள்.